கொம்பு தனி, கால் தனி: ஒரு கொடை நோட்டீஸ் இரண்டான விதம்

திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சியின் கைபேசிக்கு ஊரிலிருந்து ஒரு படம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அம்மன் கோயில் சுவர். அதில் பசை காயாத கொடை நோட்டீஸ், அதாவது கோயில் திருவிழா அறிவிப்பு. மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து, வில்லுப்பாட்டுக் குழுவின் பெயர், வரிதாரர்களின் பட்டியல் எல்லாம் இருந்தன. நாள் மட்டும் தவறு. ஊர்க்கூட்டம் கொடையை ஒரு வாரம் தள்ளிவைத்த பிறகும் பழைய செவ்வாய்க்கிழமையே அச்சாகியிருந்தது. ஆயிரம் பிரதிகள்.

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் அண்ணாச்சியின் வடிவமைப்புக் கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கொடை நோட்டீஸ் ஆகியவற்றை அங்கே ஒரு ஐமேக்கில் வடிவமைப்பார்கள், அச்சடிப்பது சிவகாசியில். தாராவித் தமிழர்களில் நெல்லைச் சீமைக்காரர்கள் ஏராளம் என்பதால், சித்திரை பிறந்தால் கடையில் கொடை வேலைதான். அச்சான நோட்டீஸ் சிவகாசியிலிருந்து நேராக ஊருக்குப் போய்விடும். மும்பையில் யாரும் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே தவறு சுவரில் ஏறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் கடையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். கோப்புகளை இரவில் அச்சகத்தின் சர்வருக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரலும் நான் எழுதியதுதான். "திருத்தியதை வியாழன் இரவே அனுப்பிவிட்டோம்" என்றார் வடிவமைக்கும் தங்கை. "நீங்கள் அனுப்பியதைத்தான் அடித்தோம்" என்றார்கள் சிவகாசியில். இரு தரப்பும் உண்மையைத்தான் சொன்னார்கள். அது எப்படி என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரு கோளாறு இன்னொன்றை மறைத்துக்கொண்டு நின்றதால், வரிசை மாறினால் எதுவும் புரியாது.

முதல் இரண்டு இரவுகள்

எல்லாம் தொடங்கியது அந்தத் திங்களுக்கு எட்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை. வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பு பழைய இயங்குதளத்தில் ஓடாது என்று அறிவித்துவிட்டதால், 2017ஆம் ஆண்டு ஐமேக்கை ஹை சியராவிலிருந்து ஒரே தாவலில் வெஞ்சுராவுக்கு ஏற்றினேன். மேகோஸ் எண்ணிக்கையில் 10.13இலிருந்து 13. இடையில் மொஹாவே, கேட்டலினா, பிக் சர், மான்டரே என்று நான்கு படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் பாதுகாப்பு விதிகள் கூடியிருந்தன; அத்தனையும் ஒரே இரவில் எங்கள் ஸ்கிரிப்ட்டின் தலையில் இறங்கின.

திங்கள், செவ்வாய் இரவுகளில் ஒரு கோப்பும் போகவில்லை. ஆனால் காலையில் பார்த்தால், பதிவுக் கோப்பின் கடைசி வரி 'அனுப்பப்பட்டது' என்று சொல்லியது. கோப்புகளும் 'அனுப்பியவை' ஃபோல்டருக்கு நகர்ந்திருந்தன. புதன்கிழமை சிவகாசியிலிருந்து, "வேலை எதுவும் வரவில்லையே, கடை விடுமுறையா?" என்று கேட்ட பிறகுதான் விழித்தோம்.

இதில் இரண்டு பிழைகள் இருந்தன. முதலாவது, கோப்புகளைச் சர்வருக்குப் பாதுகாப்பாக அனுப்பும் எஸ்எஃப்டிபி கட்டளையின் வெளியீட்டை 'டீ' என்ற கட்டளைக்குக் குழாய் வழியாகக் கொடுத்து, அது பதிவுக் கோப்பில் எழுதுமாறு வைத்திருந்தேன். கட்டளைகளை ஓட்டும் பாஷ் ஷெல்லில் அப்படிக் குழாய் போட்டால், வரிசையில் கடைசியாக நிற்கும் கட்டளையின் முடிவுதான் மொத்தத்தின் முடிவாகக் கணக்கிடப்படும். எஸ்எஃப்டிபி தோற்றாலும் டீ தன் வேலையைச் செவ்வனே முடித்துவிடும், ஆகவே 'வெற்றி'. 'பைப்ஃபெயில்' என்ற ஒரு வரியை ஸ்கிரிப்ட்டின் தலையில் சேர்த்தால் தோல்வி வெளியே தெரிந்துவிடும்.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. கட்டளைகளை எஸ்எஃப்டிபிக்கு நேரடியாக உள்ளீட்டில் ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த முறையில் இடையில் ஒரு கோப்பு போகாவிட்டாலும் அது அடுத்த கோப்புக்குப் போய்விடும். முடிவில் சுழியம், அதாவது வெற்றி என்றே திருப்பித் தரும். கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, ஹைபன் பி என்ற தொகுதி முறையில் கொடுத்தால்தான் முதல் தோல்வியிலேயே நின்று பிழை எண்ணைத் தரும். இவ்வளவு நாளும் இணைப்பு நன்றாக இருந்ததால் இந்த ஓட்டை வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. அனுப்பாத கோப்பை 'அனுப்பியவை' பக்கம் நகர்த்தும் ஸ்கிரிப்ட், ஸ்கிரிப்ட்டே இல்லாததைவிட ஆபத்தானது. கையால் அனுப்பும் காலத்தில் குறைந்தபட்சம் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வர் மறுத்த காரணம்

இணைப்பு ஏன் போகவில்லை என்பதைப் புதன்கிழமை அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடிந்தது. ஹைபன் வி சேர்த்து ஓடவிட்டால், இரு தரப்பும் என்ன பேசிக்கொள்கின்றன என்பது வரி வரியாகத் தெரியும். பொருந்தும் அடையாளச் சாவி வகை எதுவும் இல்லை, எதிர்த்தரப்பு தருவது எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ என்ற பழைய வகை மட்டுமே என்று வந்தது.

எஸ்எஃப்டிபி ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பு இணைப்பு மென்பொருளின் பகுதி; வெஞ்சுராவில் இருப்பது அதன் 9.0 பதிப்பு. அந்த மென்பொருளின் 8.8ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2021 செப்டம்பரிலிருந்து, ஷா-1 என்ற பழைய சுருக்க முறையில் இடப்படும் ஆர்எஸ்ஏ கையொப்பங்களை அது இயல்பாக ஏற்பதில்லை. ஒரே ஷா-1 சுருக்கம் கொண்ட இரண்டு வெவ்வேறு கோப்புகளை 2017இலேயே ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். 8.8 வெளியான அறிவிப்பில், இப்படிச் சுருக்கங்கள் ஒன்றாகும் 'மோதலில்' குறிப்பிட்ட ஒரு வகையை 50,000 டாலருக்கும் குறைந்த செலவில் உருவாக்கலாம் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். பலரும் நினைப்பது போல ஆர்எஸ்ஏ சாவி தடைசெய்யப்படவில்லை. அதே சாவியால் ஷா-2 முறையில் கையொப்பமிட்டால் போதும். அந்த வசதி 2016இல் வந்த 7.2 பதிப்பிலிருந்தே உண்டு. அச்சகத்தில் இருந்த சேமிப்புப் பெட்டி அதற்கும் முந்தியது.

'சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்கவே வேண்டாம் என்று போட்டுவிடு, ஓடிவிடும்' என்று அன்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரியாமலேயே வாடிக்கையாளரின் சரக்கை உள்ளே எறிவதற்கு அது சமம். தவிர, இங்கே தகராறு கையொப்ப வகையைப் பற்றியது. சரிபார்ப்பை நிறுத்தினாலும் அது தீராது. எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் அச்சகத்தின் சர்வருக்கு மட்டும் தனிப் பத்தி எழுதி, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பழைய வகையைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சர்வரின் அடையாளத்துக்கு ஒரு வரி, எங்கள் சாவிக்கு ஒரு வரி. உலகம் முழுமைக்கும் பொதுவாகத் திறந்துவிடவில்லை.

சோதிப்பதற்காக அன்று மாலையே டெர்மினலில் உட்கார்ந்து, கொடை நோட்டீஸ் கோப்பின் பெயரை என் கையாலேயே தட்டச்சு செய்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. சிவகாசியில் திறந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். அது பழைய நாள் போட்ட முதல் வடிவம். இந்த ஒரு கோப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன் இரவு மறுபடியும் தோல்வி. ஆனால் இந்த முறை ஸ்கிரிப்ட் தோல்வி என்று வாய்விட்டுச் சொன்னது. கேட்டலினா முதல், அதாவது 2019 முதல், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களுக்குள் எந்த நிரல் நுழைந்தாலும் மேகோஸ் பயனரிடம் அனுமதி கேட்கும். பகலில் டெர்மினலில் ஓட்டினால் கேள்வி வரும், 'சரி' என்று அழுத்துவோம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் இரவு இரண்டு மணிக்கு ஓட்டும்போது அழுத்த ஆள் இல்லை. ஃபோல்டரை டாக்குமென்ட்ஸிலிருந்து வெளியே எடுத்து, வீட்டுக் கோப்புறையில் நேரடியாக வைத்தேன். கிரானை விட்டு, அதே வேலையைச் செய்யும் மேகோஸின் லாஞ்ச்டிக்கு மாறினேன். குறித்த நேரத்தில் கணினி உறங்கிக்கொண்டிருந்தால், விழித்ததும் அது அந்த வேலையை ஓட்டிவிடும். முழு வட்டுக்கும் கிரானுக்கு அனுமதி கொடுப்பதைவிட இது நல்லது.

அந்த அவசரத்தில் இன்னொரு மாற்றமும் செய்தேன். முன்பு தங்கை அன்றன்று அனுப்ப வேண்டிய கோப்புகளின் பெயர்களை ஒரு பட்டியலாகத் தட்டச்சு செய்வார்; ஸ்கிரிப்ட் அதை வரி வரியாகப் படித்து அனுப்பும். ஃபோல்டரை நகர்த்தியதில் பட்டியலின் பாதைகள் குழம்பின. பட்டியலே வேண்டாம் என்று, 'இந்த ஃபோல்டரில் உள்ள எல்லாப் பிடிஎஃப்பும்' என நட்சத்திரக் குறி போட்டு எழுதிவிட்டேன். ஐந்து எழுத்து கூட வராத மாற்றம். ஆயிரம் நோட்டீஸ் வீணானதற்கு அதுதான் காரணம்.

எண்களாக வந்த தமிழ்

வியாழக்கிழமை பகலில் ஊரிலிருந்து நாள் மாற்றம் வந்தது. தங்கை திருத்தி, அதே பெயரில் சேமித்தார். இரவு ஸ்கிரிப்ட் ஓடியது, எல்லாக் கோப்புகளும் போனதாகச் சொன்னது, உண்மையிலேயே போயிருந்தன. வெள்ளிக்கிழமை அச்சகத்தார் கொடை நோட்டீஸை அச்சிட்டார்கள். சனிக்கிழமை கட்டு ஊருக்குப் போனது.

திங்கட்கிழமை நான் அச்சகச் சர்வரின் கோப்புப் பட்டியலை ஸ்கிரிப்ட்டின் பதிவில் எடுத்துப் பார்த்தேன். தமிழ் எழுத்தே இல்லை. சாய்கோடு, மூன்று எண், சாய்கோடு, மூன்று எண் என்று பக்கம் பக்கமாக ஓடியது. இதைப் பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது, 'தமிழ்ப் பெயர் உடைந்துவிட்டது' என்பதுதான். சிவகாசியில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரும் அதையே சொன்னார்: "பெயரை இங்கிலீஷில் வையுங்கள் சார், தமிழில் வைத்தால் இப்படித்தான்."

உண்மையில் எதுவும் உடையவில்லை. லாஞ்ச்டி ஒரு வேலையைத் தொடங்கும்போது, டெர்மினலில் இருக்கும் மொழிச் சூழலை அதற்குக் கொடுப்பதில்லை. தமிழ் உள்ளிட்ட எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறை என்று சொல்லப்படாத சூழலில், எஸ்எஃப்டிபி ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு பைட்டையும் எட்டடிமான எண்ணாக மாற்றி அச்சிடும். க என்பது 340 256 225. பெயர் சர்வரில் சரியாகவே இருக்கிறது. காட்டும் விதம்தான் அப்படி. மொழிச் சூழலை ஸ்கிரிப்ட்டில் ஒரு வரியாக அறிவித்துவிட்டால் தமிழ் வந்துவிடும்.

அந்த வரியைச் சேர்க்கப் போனேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கை, "அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். இந்த இரண்டு வரியும் ஒரே மாதிரித் தொடங்குகின்றன, ஆனால் ஒன்று நீளமாக இருக்கிறதே?" என்றார். நாள் முழுவதும் வரிகளை ஓரம் தட்டிச் சரிசெய்யும் கண். நான் பார்க்காததைப் பார்த்துவிட்டது.

இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் 340 256 225க்குப் பிறகு 340 257 213. மற்றதில் அதே 340 256 225க்குப் பிறகு 340 257 207, அதன் பின் 340 256 276. காகிதத்தில் எழுதிப் பிரித்துப் பார்த்தேன். முதல் வரியில் இருந்தது க, ோ. இரண்டாம் வரியில் இருந்தது க, ே, ா. அதற்கப்பால் இரண்டும் சில எழுத்துகளுக்கு ஒன்றாகவே போய், 'கொடை' வரும் இடத்தில் மறுபடி அதே பிரிவு: ஒன்றில் ொ, மற்றதில் ெ, ா. திரையில் இரண்டும் 'கோயில் கொடை' என்றுதான் தெரியும். பைட் கணக்கில் ஒன்று மற்றதைவிட ஆறு பைட் நீளம்.

மொழிச் சூழலை முதலிலேயே சரிசெய்து, பட்டியலை அழகான தமிழில் பார்த்திருந்தால், ஒரே பெயர் இரண்டு முறை இருப்பதைக் கண்டு தலையைச் சொறிந்திருப்போமே தவிர, காரணம் கிடைத்திருக்காது. குப்பை என்று நினைத்த எண்களே சாட்சி சொல்லின.

கொம்பும் காலும்

யூனிகோடில் ொ, ோ, ௌ என்ற மூன்று குறிகளுக்கும் இரண்டிரண்டு எழுத்துமுறைகள் உண்டு. ொ என்பதை 3018 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம். ெ, ா என்று 3014, 3006 ஆகிய இரண்டு எண்களாகவும் எழுதலாம். ோ 3019, பிரித்தால் 3015, 3006. ௌ 3020, பிரித்தால் 3014, 3031. உயிரெழுத்து ஔவுக்கும் இதே நிலை. இரண்டு முறைகளும் சமமானவை, ஒன்றையே குறிப்பவை என்று யூனிகோடு விதி தெளிவாகவே சொல்கிறது. சேர்ந்த வடிவத்துக்கு என்எஃப்சி என்றும், பிரிந்த வடிவத்துக்கு என்எஃப்டி என்றும் பெயர். தமிழில் வேறு எந்த உயிர்மெய்க்கும் இந்தச் சிக்கல் இல்லை. கா, கி, கூ, கை எல்லாம் ஒரே விதமாகத்தான் எழுத முடியும்.

இதை அண்ணாச்சியிடம் எப்படி விளக்குவது என்று தயங்கினேன். அவர் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். கணினி வருவதற்கு முன்பு அவர் ஈய எழுத்துக் கோத்தவர். "இதில் என்ன தம்பி அதிசயம்? எழுத்துக் கேஸில் கொம்பு தனிக் குழியில் கிடக்கும், கால் தனிக் குழியில் கிடக்கும். கொ கோக்க வேண்டுமென்றால் கொம்பை எடுப்பேன், கானாவை எடுப்பேன், காலை எடுப்பேன். மூன்று எழுத்து. அச்சடித்தால் ஒன்று" என்று மூன்று விரல்களால் இல்லாத ஸ்டிக்கில் எழுத்தை வைத்துக் காட்டினார். அவர் கை முதலில் கொம்புக்குப் போனது. கணினி மட்டும் ககரத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் வைக்கிறது; மற்றபடி அவர் சொன்னதேதான்.

இனி இது எங்கள் ஐமேக்கில் நடந்த விதம். ஹை சியராவில் எங்கள் வட்டு எச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய கோப்பு முறையில் இருந்தது. அது எந்த வடிவத்தில் பெயர் கொடுத்தாலும் பிரித்துத்தான் சேமிக்கும். மேம்படுத்தியபோது வட்டு ஏபிஎஃப்எஸ் முறைக்கு மாறியது. ஏபிஎஃப்எஸ் பிரிக்காது, சேர்க்காது. கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். ஆனால் தேடும்போது இரண்டு வடிவங்களையும் ஒன்றாகவே மதிக்கும். ஆகவே மேக்குக்குள் இருக்கும்வரை குழப்பமே தெரியாது. கொடைக் கோப்பு போன வருடத்து வார்ப்பிலிருந்து எடுத்தது. வட்டில் அதன் பெயர் பிரிந்த வடிவத்தில் கிடந்தது. ஓடி என்ற கட்டளையில் பைட்டுகளைக் கொட்டிப் பார்த்து இதை உறுதிசெய்துகொண்டோம்.

புதன்கிழமை நான் விசைப்பலகையில் பெயரைத் தட்டியபோது சேர்ந்த வடிவம் போனது. மேக் இரண்டையும் ஒன்றாக மதித்ததால் கோப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. எஸ்எஃப்டிபி நான் தட்டிய பெயரையே சர்வரில் வைத்தது. வியாழக்கிழமை நட்சத்திரக் குறி போட்டபோது, பெயர் என் விரலிலிருந்து வரவில்லை, வட்டிலிருந்து வந்தது. பிரிந்த வடிவம். அச்சகத்தின் பெட்டி லினக்ஸ். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. இரண்டு வரிசைகள் வேறு என்றால் இரண்டு கோப்புகள். புதியது பழையதன்மேல் எழுதப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அச்சகத்துத் திரையில் ஒரே பெயர் இரண்டு இருந்தது. நகல் விழுந்திருக்கிறது என்று நினைத்து, புதன்கிழமை திறந்து பார்த்துச் சரி சொன்ன கோப்பையே எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்த விளக்கம் சரிதானா என்று பார்க்க, சோதனை ஃபோல்டர் ஒன்றைச் சர்வரில் திறந்தோம். ஆறு பெயர்கள்: பால்குடம், திருவிழா, வரவேற்பு, பொங்கல், கோலப்போட்டி, சௌபாக்கியம். ஒவ்வொன்றையும் முதலில் பெயரைத் தட்டி அனுப்பினோம். பிறகு வட்டில் பிரிந்த வடிவத்தில் வைத்து, நட்சத்திரக் குறியால் அனுப்பினோம். முதல் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டன. பின் மூன்றும் இரட்டையாயின. அந்த வாரம் கல்யாணப் பத்திரிகைத் திருத்தங்கள் எல்லாம் ஒழுங்காகப் போய், கொடை நோட்டீஸ் மட்டும் மாட்டிக்கொண்ட காரணம் இதுதான். 'கல்யாணப் பத்திரிகை' என்பதில் கொம்பும் காலும் சேரும் எழுத்து ஒன்றுகூட இல்லை. 'கோயில் கொடை'யில் இரண்டு.

பெயரை மாற்றுவதா, ஸ்கிரிப்ட்டை மாற்றுவதா

'இங்கிலீஷில் பெயர் வையுங்கள்' என்ற யோசனையை அண்ணாச்சியும் அரை மனதாக ஏற்கத் தொடங்கியிருந்தார். நான் மறுத்தேன், அழுத்தமாகவே மறுத்தேன். கடையின் வேலையை வைத்தே சொல்கிறேன். ரோமன் எழுத்தில் கொடையும் கோடையும் ஒரே ஸ்பெல்லிங். சித்திரை, வைகாசியில் கொடை நோட்டீஸும் வரும், கோடைகாலத் தமிழ் வகுப்பு நோட்டீஸும் வரும். பள்ளி என்றால் பள்ளிக்கூடமா பல்லியா என்று ஊகிக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள்; ஒரே ஊர்ப் பெயருக்கு நான்கு ஸ்பெல்லிங்குகள் சேரும். இரட்டைக் கோப்பைத் தவிர்க்கப் போய் நான்கு கோப்பில் நிற்போம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தமிழிலேயே வேலை செய்து, தமிழிலேயே அச்சடித்து, தமிழர்கள் சுவரில் ஒட்டும் ஒரு நோட்டீஸின் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கத் தகுதியில்லை என்று ஒரு ஸ்கிரிப்ட்டுக்காக ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை. சமமானவை என்று விதி சொல்லும் இரண்டை, சமமாக ஒப்பிடாதது ஸ்கிரிப்ட்டின் குறை. திருத்த வேண்டியது அதைத்தான்.

திருத்தம் பெரிதல்ல. மேகோஸுடன் வரும் பெர்ல் மொழியில் யூனிகோடு வடிவத்தைச் சீராக்கும் தொகுதி கூடவே இருக்கிறது. ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு பெயரையும் அதில் கொடுத்துச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுகிறோம். எஸ்எஃப்டிபியின் 'புட்' கட்டளை இரண்டு பெயர்களை ஏற்கும்: இங்கே உள்ள பெயர், அங்கே வைக்க வேண்டிய பெயர். முன்பு முதலாவதை மட்டும் கொடுத்தோம். இப்போது இரண்டாவதாகச் சேர்ந்த வடிவத்தை வெளிப்படையாக எழுதுகிறோம். நட்சத்திரக் குறி போய்விட்டது. விசைப்பலகையில் தட்டிய பெயரானாலும், வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பின் பெயரானாலும், போன வருடத்து வார்ப்பின் பெயரானாலும், சர்வருக்குப் போவது ஒரே வடிவம்.

கூடவே இரண்டு காரியங்கள் செய்தோம். கோப்பை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுவதும் போன பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுகிறோம். பாதி ஏறிய கோப்பை அச்சகத்தில் யாரும் திறந்துவிடக் கூடாது. ஏற்றியதைத் திரும்ப இறக்கி, ஷா-256 சுருக்கத்தை மூலக் கோப்போடு ஒப்பிடுகிறோம். ஒத்தால்தான் 'அனுப்பியவை'. இரவில் வேறு வேலை இல்லாத கணினி, நேரம் ஆனால் ஆகட்டும்.

மொழிச் சூழலை அறிவிக்கும் வரியையும் சேர்த்துவிட்டேன். ஆனால் சர்வரின் பட்டியலை இரண்டு விதமாகவும் பதிவில் எழுதச் செய்திருக்கிறேன்: ஒரு முறை தமிழில், ஒரு முறை எண்களில். தங்கை கேட்டுக்கொண்டதால் அப்படி.

அச்சகத்தார் மே மாதத்தில் சேமிப்புப் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். சர்வருக்கு எட்25519 வகையில் புதிய அடையாளச் சாவி வந்தது. எங்கள் பக்கம் புதிய சாவி என்று எச்சரித்து ஸ்கிரிப்ட் நின்றது, நிற்க வேண்டியதுதான். தொலைபேசியில் அழைத்து, அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்பவர் தன் திரையிலுள்ள சாவியின் கைரேகையை, அதாவது அதன் அடையாளச் சுருக்கத்தை, படிக்க, நான் என் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். "பெரிய கே, சின்ன கியூ, ஏழு, கூட்டல் குறி..." 43 எழுத்துகள். முப்பதாவது எழுத்தில் சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து படித்தோம். ஒத்தது. பழைய ஷா-1 வகைக்காக எழுதிய தனிப் பத்தியை அன்றே அழித்துவிட்டேன்.

மறுஅச்சுச் செலவில் பாதியை நான் கொடுத்தேன்; மீதியை அண்ணாச்சி ஏற்றார், அச்சகத்தாரிடம் கேட்கவில்லை. புதிய நோட்டீஸ் புதன்கிழமை இரவு பஸ் பார்சலில் ஊருக்குப் போய்ச் சேர, பழையதன்மேலேயே ஒட்டினார்கள். கொடை நல்லபடியாக நடந்தது என்று படம் அனுப்பினார்கள்.

அச்சகச் சர்வரில் அந்தச் சில நாட்களில் இரட்டையான கோப்புகள் இன்னும் கொஞ்சம் கிடக்கின்றன. எண் வரிசையை வைத்துப் பதினேழு சோடிகளைக் கண்டெடுத்துப் பட்டியலாகக் கொடுத்திருக்கிறோம். எது புதியது என்பதைத் தேதியை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், இரண்டையும் திறந்து பார்த்துத்தான் ஒன்றை அழிக்கிறார்கள். சிவகாசியில் ஒருவரும் தாராவியில் தங்கையும் தொலைபேசியில் இருந்தபடி மதிய இடைவேளையில் இதைச் செய்கிறார்கள். நேற்று வரை பதினொன்று முடிந்திருக்கிறது.